முறைச்சாக்கா விடுவேனா

எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. அதனால்தான் இந்த ஆண்டு, 2044 மாசி மாதத்தில், என் எண்பத்திரண்டாவது வயதில், ஒரு கெட்ட பாட்டைத் தேடி மதுரைக்குப் போனேன்.

அந்தப் பாட்டு கெட்டது என்று நிரூபித்தாக வேண்டிய நிலைமை எனக்கு வந்திருந்தது.

ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் எங்கள் சாஸ்தா கோயிலில் நாற்பது குடும்பங்கள் கூடும். இந்த வருஷம் அங்கே எல்லோருக்கும் கொடுப்பதற்காக எங்கள் வீரவநல்லூர் வீட்டின் வரலாற்றை எழுதி முடித்திருந்தேன். ஆறு தலைமுறை, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க என் தங்கை மகள் செண்பகவல்லியிடம் கொடுத்தேன். அவள் பாளையங்கோட்டையில் பேராசிரியை. ஐம்பது வயதைத் தாண்டியவள், ஒரு காற்புள்ளியைக்கூட விடமாட்டாள்.

நான்காம் நாள் கையில் தாளோடு வந்தாள்.

"மாமா, முப்பத்தொண்ணாம் பக்கம் இடிக்குது" என்றாள்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது இதுதான். என் தங்கை காந்திமதி 1988ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் தாவரவியல் பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். அந்த ஆண்டு வந்த ஒரு சினிமாப் பாட்டைப் பஸ் நிறுத்தத்தில் நின்ற சில காலிகள் அவளைப் பார்த்துப் பாடினார்கள். பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் கீழ்த்தரமான பாட்டு அது. வீட்டின் மானத்தையும் அவளுடைய பாதுகாப்பையும் எண்ணி, அண்ணனாகிய நான் பொறுமையாக எடுத்துச் சொல்லி அவள் படிப்பை நிறுத்த நேர்ந்தது. அவளும் புரிந்துகொண்டாள்.

செண்பகம் தன் கைக்கருவியில் அந்தப் பாட்டை ஓடவிட்டாள். ஐம்பத்தாறு வருஷம் கழித்து அந்த முன்னிசையைக் கேட்டதும் என் முதுகு நிமிர்ந்தது. அதே தவில், அதே பாடகரின் அதே கரகரத்த குரல்.

*முறைச்சாக்கா நடப்பேனே முகம்பார்க்க மாட்டேனே*
*வேணான்னு நீ சொன்னா விலகித்தான் நிப்பேனே*

"இதுக்கா எங்கம்மா படிப்பை நிறுத்தினீங்க?" என்றாள் செண்பகம்.

அது அந்தப் பாட்டு இல்லை என்றேன். அவள் தலைப்பைக் காட்டினாள், படத்தைக் காட்டினாள், ஆண்டைக் காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. வார்த்தை மட்டும் வேறு.

செப்பம் என்கிற திருத்தச் சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் சட்டமாக வந்தபோது வரவேற்றவர்களில் நானும் ஒருவன். பெண்ணைத் துரத்துவதும் மிரட்டுவதும் காதல் என்று சொல்லிக்கொடுத்த பழைய பாட்டுகளை எல்லாம் ஓர் இயந்திரம் ஒவ்வொன்றாக எடுத்து, பாடியவரின் குரலிலேயே, மெட்டு கெடாமல், தவறான வரியை மட்டும் மாற்றிவிடும். தைத்த இடம் தெரியாது. பேரன் பேத்திகள் அந்தக் குப்பையைக் கேட்டு வளர வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது. இன்றைய பாட்டுகளில் ஆண்கள் கேட்கிறார்கள், பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணே மேடையேறி மாப்பிள்ளையைப் பார்த்துப் பாடினாள். எனக்குப் பழக்கமில்லாத காட்சி. ஆனால் அதில் ஆபாசம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் திருத்தப்பட்ட அந்தப் பாட்டு என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்று நான் யோசித்திருக்கவில்லை. நாற்பது குடும்பங்கள் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படிக்கும். படித்த கையோடு பாட்டைப் போட்டுக் கேட்கும். வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் ஓர் உத்தமனின் பாட்டுக்காகத் தங்கையின் படிப்பைக் கெடுத்தவன் என்று என்னைச் சொல்லும்.

"பக்கத்தை எடுத்துருங்களேன் மாமா" என்றாள் செண்பகம்.

எடுக்க மாட்டேன் என்றேன். நடந்தது நடந்தது.

மதுரையில் மூலப் பதிவகம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. செப்பம் தொடாத பழைய பதிவுகளை அங்கே பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள். எழுதிக் கேட்டேன். ஜெனிட்டா என்ற அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். இந்தப் பாட்டின் மூலம் அவர்களிடமும் இல்லையாம். நிறுவனத்தின் நாடாக்கள் ஒரு மழையில் போய்விட்டன; மற்ற எல்லாப் பிரதியும் திருத்தப்பட்டுவிட்டது.

எனக்கு வரிகள் மனப்பாடம் என்று சொன்னேன். குற்றப்பத்திரிகையைப் போல ஐம்பத்தாறு வருஷம் வைத்திருந்தேன்.

"ஞாபகத்தைப் பதிவா எடுத்துக்க முடியாதுங்க ஐயா" என்றார் அவர். "பழைய கேசட்டு ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. உங்களை மாதிரி நிறையப் பேர் கேக்கறாங்க. எங்க காலத்துல பஸ்ல போகவே பயந்தோம்னு அம்மாக்கள் சொன்னா, பிள்ளைங்க எதுக்குப் பயந்தீங்கன்னு கேக்குறாங்க. காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல."

காந்திமதிக்கு இப்போது எழுபத்தாறு வயது. கணவர் போன பிறகு செண்பகத்தின் வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டுக்கும் அவள் படித்த கல்லூரிக்கும் நடுவே ஒரு தெருதான். அன்று மாலை போய், அந்தக் காலத்துக் கேசட் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். எழுந்து உள்ளே போனாள். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் திரும்பி வந்தாள். கையில் ஒரு கேசட்.

அறுபது நிமிட வெற்றுக் கேசட் வாங்கி, பிடித்த பாட்டுகளைப் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்தால் நிரப்பித் தருவார்கள், அப்படி நிரப்பியது. உள்ளட்டையில் இருபது வயதுக் காந்திமதியின் சாய்ந்த கையெழுத்தில் பன்னிரண்டு பாட்டுகள். முதல் பக்கத்தில் நான்காவது, *முறைச்சாக்கா*.

அவளே அதை எழுதிக் கேட்டிருக்கிறாள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"இவ்வளவு காலமா வச்சிருந்தியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"நீங்க கேப்பியன்னு நெனைக்கல்ல அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான்.

கேசட்டைப் பதிவகத்துக்கு அனுப்பிவைத்தேன். பூஞ்சையைத் துடைத்துத் தயார் செய்ய ஒரு வாரம் ஆயிற்று. முதல் தடவை கேட்கும்போது உரிமையாளர் கூட இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. காந்திமதி, செண்பகம், நான் மூவரும் போனோம். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு. சாட்சி சொல்லப் போகிறவன் எப்படிப் போக வேண்டுமோ அப்படிப் போனேன்.

சிறிய குளிர் அறை. ஜெனிட்டா நாற்பது வயதிருக்கும், பணிவான பெண். முதல் மூன்று பாட்டும் பத்திரமாக இருக்கின்றன, நாலாவதை யாரும் இன்னும் கேட்கவில்லை என்று சொல்லி விசையைத் தட்டினார்.

தவில். பிறகு அந்தக் குரல்.

*முறைச்சாக்கா விடுவேனா முந்தானை பிடிப்பேனே*

நான் செண்பகத்தைப் பார்த்தேன். அவள் முகம் சுருங்கியது. இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு நிறைவு சில தடவைதான் கிடைத்திருக்கிறது. கேள், இன்னும் வருகிறது, அடுத்த வரியைக் கேள் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.

தடால் என்று ஓர் ஓசை. பாட்டு அறுந்தது.

பிறகு ஒரு மின்விசிறியின் கிறீச். தெருவில் ஒரு சைக்கிள் மணி. பிறகு ஒரு ஆணின் குரல்.

"ஏட்டி, என்ன பாட்டு பாடுத?"

சில நொடி அது யார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, அது நான். எங்கள் வீட்டுப் பின்னறை. முக்காலியின் மேல் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, காந்திமதி கூடவே பாடிக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து வந்த நான் உள்ளே நுழைந்து அந்தப் பெட்டியின் பொத்தான்களின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். பாட்டு நின்றது. நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன். பதிவுப் பொத்தானும் சேர்ந்து அமுங்கியதை நான் பார்க்கவில்லை.

"சும்மா தான் அண்ணாச்சி. மெட்டு நல்லாருக்கு."

"பஸ் ஸ்டாப்புல அந்தப் பயலுவ பாடுதானுவன்னு கேள்விப்பட்டேன். நீயும் அதையே பாடுதியா?"

"அவனுவ பாடினானுவ, நான் செருப்பக் கழத்திக் காட்டினேன். மறுநாள்லருந்து அந்தப் பக்கமே வரல்ல. அது முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு."

மூன்று மாதம். முப்பத்தொன்றாம் பக்கத்தில் அது இல்லை. எனக்கு அது தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்திருப்பேன். ஆனால் இதோ, அவள் என்னிடம் சொல்கிறாள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அவனுவ பாடினது எனக்குப் பெரிசில்ல. நீ வாயத் தொறந்து பாடுத பாரு, அதான். நம்ம வீட்டுப் பொட்டச்சி வாயில இதா வரும்? நாளைலருந்து காலேஜ் கெடையாது."

"அண்ணாச்சி, பரீட்சைக்குப் பதினோரு நாள் இருக்கு."

"இருந்துட்டுப் போகுது."

"பதினோரே நாள். எழுதிட்டு நின்னுக்கிடுதேன். பாட்டே கேக்கல்ல. பெட்டியத் தூக்கிட்டுப் போயிருங்க. அண்ணாச்சி…"

"சிரிச்சுக்கிட்டு பாடின வாயி, இப்ப அழுதா ஆச்சா?"

கதவு சாத்தும் ஓசை. என் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

பொறுமையாக எடுத்துச் சொன்னேன் என்று எழுதியிருந்தேன்.

ஜெனிட்டா நிறுத்தக் கையை நீட்டினார். "ஓடட்டும்" என்றாள் காந்திமதி.

நெடுநேரம் மின்விசிறி மட்டும். அழுகை வரும் என்று நான் இறுகி உட்கார்ந்திருந்தேன். அது வரவில்லை. அவள் பாடத் தொடங்கினாள். தணிந்த குரலில், அவசரமில்லாமல், சுருதி பிசகாமல், முதலிலிருந்து. *முறைச்சாக்கா விடுவேனா, வேணான்னு நீ சொன்னா வேணுமுன்னு எடுப்பேனே.* பாட்டில் வரும் அந்தப் பொறுக்கியின் வார்த்தைகள் ஒவ்வொன்றும் அப்படியே இருந்தன. ஆனால் கதவு சாத்திய அறைக்குள் ஒரு பெண் தனக்காகப் பாடியபோது அவை வேறு எதையோ சொல்லின. விடமாட்டேன் என்று அவள் சொன்னது பெண்ணிடம் இல்லை, கதவைச் சாத்திவிட்டுப் போன என்னிடம். அப்படித்தான் எனக்குக் கேட்டது. சரணத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் 'தானானே' என்று கடந்தாள். பாட்டு முடிந்தது. மறுபடி மின்விசிறி. நாடா தீர்ந்து டக்கென்று நின்றது.

செண்பகம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தன் தாயின் கையைப் பிடித்திருந்தாள்.

ஜெனிட்டா விதிகளைச் சொன்னார். அந்தப் பாட்டின் வரிகளுக்கு இந்த நாடா ஒன்றுதான் இப்போது சான்று. ஒரு வரி குறைவு, பரவாயில்லை. ஆனால் வெட்டி எடுக்க முடியாது, முழுவதையும் வைக்க வேண்டும். குரல் கேட்கும் இருவரும் கையெழுத்திட்டால் மூலம் பெட்டகத்தில் இருக்கும், விண்ணப்பிப்பவர்கள் கேட்கலாம். இருவரில் ஒருவர் மறுத்தாலும் மூலம் அழிக்கப்படும். செப்பம் திருத்திய பொது வடிவம் மட்டும் இருக்கும்.

"செப்பம் பாட்டைத்தானே திருத்தும்?" என்றேன்.

"பேச்சையும் திருத்தும் ஐயா. முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டையும் நீங்க கேக்கணும்னு விதி" என்று சொல்லி அதையும் ஓடவிட்டார்.

தவில். *முறைச்சாக்கா நடப்பேனே.* பிறகு, பெட்டியை அறைந்த ஓசை இருந்த இடத்தில், யாரோ கதவை மென்மையாகத் தட்டும் ஓசை.

"காந்தி, நல்லா பாடுதியேட்டி."

என் குரல். இருபத்தாறு வயதில் எனக்கு இருந்த அதே குரல். எங்கள் ஊர்ப் பேச்சு ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"சும்மாதான் அண்ணாச்சி."

"பரீட்சை முடியட்டும். நல்ல பாட்டு வாத்தியாரா ஒருத்தரைப் பாப்போம். பதினோரு நாள்தானே இருக்கு, படி."

"சரி அண்ணாச்சி."

செருப்புச் சத்தம்கூட மெதுவாகத்தான் போனது.

மறைக்க மாட்டேன்: அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. கோயில் மண்டபத்தில் நாற்பது குடும்பமும் உட்கார்ந்து அதைக் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டு, ஒரு கையெழுத்தை மறுத்தால் போதும். யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்ல முடியாது. அரசாங்க முத்திரையோடு பதிவகத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் ஓர் அண்ணன் அப்படி இருந்தான் என்று காலாகாலத்துக்கும் இருக்கும்.

காந்திமதி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"நல்லா பேசுதாரு" என்றாள். "யாரு இவரு?"

அவள் கேலி செய்கிறாள் என்று முதலில் நினைத்தேன். முகத்தில் கேலி இல்லை.

"அந்தப் பிள்ளையும் நான் இல்ல அண்ணாச்சி. நான் அவ்வளவு லேசில சரின்னு சொல்லல்ல."

அவள் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாள். தாள் என் முன்னால் இருந்தது. குடும்ப மானத்தை வைத்து யோசிக்கத்தான் எனக்குத் தெரியும்; அப்போதும் அப்படித்தான் யோசித்தேன். எங்கள் தாத்தா கோர்ட்டுக் கூண்டில் நின்று, தான் சொன்ன ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்ல மறுத்து நிலத்தை இழந்தவர். அது என் புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கம். என் வாயில் இன்னொருத்தன் வார்த்தையை வைக்க நான் யாரையும் விட்டதில்லை. ஓர் இயந்திரத்தை விடுவேனா?

"பேசினது நான். பேசினபடியே இருக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

அட்டவணையில் ஏற்ற அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டச்சு செய்தார். பாடியவர்: காந்திமதி. பதிவான இடம்: வீரவநல்லூர், வீட்டின் பின்னறை. பதிவு செய்தவர் யார் என்று கேட்டார். நான் என் பெயரைச் சொன்னேன்.

திரும்பும்போது காரில் செண்பகம் முன்னால் உட்கார்ந்தாள். நானும் காந்திமதியும் பின்னால். கார் திருமங்கலம் தாண்டியது.

"செண்பகம்" என்றேன். "அச்சகத்துக்குச் சொல்லு. முப்பத்தொண்ணாம் பக்கம் மாறுது."

"என்னன்னு போடணும் மாமா?"

"காந்திமதியின் படிப்பை நிறுத்தியது நான். அவள் ஒரு தவறும் செய்யவில்லை. அவ்வளவு போதும்."

அவள் எழுதிக்கொண்டாள். காந்திமதி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூத்தவர்களுக்கு அது பழக்கமில்லை. அதற்கான வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

"அன்னைக்கு ரெக்கார்டு ஆகுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"சிவப்பு லைட்டு எரிஞ்சுதே அண்ணாச்சி."

கோவில்பட்டி வரும்வரை அதை நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் பாடியிருக்கிறாள். தெரிந்துதான் ஐம்பத்தாறு வருஷம் வைத்திருந்தாள். ஒரு நாள்கூட எடுத்து என் முன்னால் போடவில்லை.

"ஒரு வரியை மறந்துட்ட, இல்லையா? தானானேன்னு பாடின."

"மறக்கல்ல" என்றாள். "அந்த வரி மட்டும் அன்னைக்கு வாயில வரல்ல."

எனக்கு அந்த வரி தெரியும். பாட்டில் எல்லா வரியும் தெரியும். கெட்டது என்று நிரூபிக்க மனப்பாடம் செய்தது. பதிவகத்தில் இல்லாத அந்த ஒன்று இப்போது உலகத்தில் எங்கள் இரண்டு பேரிடம் மட்டும்தான் இருந்தது.

என் வாழ்நாளில் நான் சினிமாப் பாட்டு பாடியதில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, முன்னால் ஓடும் சாலையைப் பார்த்தபடி பாடினேன்.

*பொஸ்தகத்த நீ தொறந்தா பக்கமெல்லாம் சிரிப்பேனே*

செண்பகம் திரும்பிப் பார்த்தாள். காந்திமதி திரும்பவில்லை. கொஞ்ச நேரம் சன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் தூசி எதுவும் இல்லை.

"வார்த்தை சரிதான்" என்றாள் கடைசியில். "சுருதிதான் சேரல்ல."

பிறகு சரியான சுருதியில் அவளே எடுத்துக் கொடுத்தாள்.